மாதமொரு மண்: எரிந்த மலையும் திரும்பிய ஆறும்



வீட்டில் பிள்ளைகளின் புவியியல் புத்தகம் இருந்தால் வட அமெரிக்காவின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். வொஷிங்டன் என்றதும் நம்மில் பலருக்கு வெள்ளை மாளிகையும் அமெரிக்க ஜனாதிபதியும்தான் நினைவுக்கு வருவர். செய்திகளில் கேட்கும் அந்த வொஷிங்டன் கிழக்குக் கரையோரம் உள்ள ஒரு நகரம். இம்மாதம் நாம் பார்க்கப் போவது அதே பெயர் கொண்ட ஒரு மாநிலத்தை. நகரத்திலிருந்து ஏறத்தாழ 3,700 கிலோமீற்றர் தள்ளி, மேற்குக் கரையின் வட மூலையில், ஒரு பக்கம் பசுபிக் சமுத்திரத்தையும் இன்னொரு பக்கம் கனடாவையும் தொட்டபடி அது இருக்கிறது. பரப்பளவில் நமது இலங்கையைப் போல இரண்டே முக்கால் மடங்கு. தலைநகர் ஒலிம்பியா. பெரிய நகரம் சியாட்டில்.

இந்த ஒரு மாநிலத்துக்குள்ளேயே மழைக்காடும் உண்டு, முட்செடி மட்டும் முளைக்கும் வறள்நிலமும் உண்டு, பனி உருகாத மலைமுடிகளும் உண்டு. கஸ்கேட் என்னும் மலைத்தொடர் மாநிலத்தை வடக்குத் தெற்காக இரண்டாகப் பிரிக்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடும். மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது அதில் ஈரம் இருக்காது. இது நமக்குப் புதிதல்ல. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மட்டக்களப்புப் பக்கம் கச்சானாய் வறண்டு வீசுவதை நம்மில் எத்தனையோ பேர் அனுபவித்திருக்கிறோம். அங்கும் அதே கதைதான். மேற்குக் கரையில் ஒலிம்பிக் மலைகளின் அடிவாரத்திலுள்ள ஹோ மழைக்காட்டில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. மரக்கிளைகளில் பாசி தாடி போலத் தொங்கும். கஸ்கேட்டின் கிழக்கே யக்கிமா நகரில் ஆண்டு மழை 200 மில்லிமீற்றர் அளவே.

சுற்றுலாப் புத்தகங்கள் முதலில் காட்டுவது சியாட்டிலின் ஸ்பேஸ் நீடில் கோபுரத்தை. 1962ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது, 184 மீற்றர் உயரம். மேலே ஏறினால் ஊர் தெரியும். அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. என் மனதைத் தொட்ட இடங்கள் நகரத்துக்கு வெளியே இருக்கின்றன. அவற்றில் பல, ஒரு காலத்தில் அழிந்துபோன இடங்கள். சிலவற்றை இயற்கை அழித்தது, சிலவற்றை மனிதர் அழித்தனர். அழிந்த இடத்துக்கு எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்று பார்த்துக்கொண்டே போவோம்.

முதலில் சென் ஹெலன்ஸ் மலை. மாநிலத்தின் தெற்குப் பகுதியில் உள்ள எரிமலை இது. வெள்ளைப் பனி போர்த்து, கூம்பு வடிவில், பார்க்க அழகாக இருந்த மலை. அப்பகுதிப் பழங்குடி மக்கள் இதை லூவிற் என்பார்கள். அவர்களுடைய கதை ஒன்றில் லூவிற் நெருப்பைக் காவல் காத்த ஒரு கிழவி. குளிரில் வாடிய மக்களுக்கு நெருப்பைக் கொடுத்ததற்குப் பரிசாக இளமையும் அழகும் பெற்றாள். அவளுக்காக இரண்டு சகோதரர்கள் சண்டையிட்டு ஊர்களை எரித்தார்கள். கோபமடைந்த தெய்வம் மூவரையும் மலைகளாக்கிவிட்டது. சண்டை பிடித்தவர்கள் அந்த இரண்டு பேர், தண்டனை மட்டும் அவளுக்கும் சேர்த்து!

நூறு ஆண்டுகளுக்கு மேல் தூங்கிக் கிடந்த மலை 1980 மார்ச் மாதம் விழித்தது. நிலம் அடிக்கடி அதிர்ந்தது. உச்சியில் நீராவியும் சாம்பலும் கக்கின. வடக்குச் சரிவு ஒரு நாளைக்கு ஒன்றரை மீற்றருக்கும் மேலாக வெளியே வீங்கத் தொடங்கியது. அரசாங்கம் தடைவலயம் போட்டு மக்களை வெளியேற்றியது. ஏப்ரல் முழுவதும் போய் மே மாதமும் பாதி போயிற்று. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. விட்டு வந்த வீட்டில் பொருட்கள் கிடக்கின்றனவே, எடுத்து வர விடுங்கள் என்று ஆட்கள் நெருக்கினார்கள். மே 17ஆம் திகதி 50 வாகனங்களில் வீட்டுக்காரரை உள்ளே விட்டு, கையில் அகப்பட்டதை எடுத்து வர அனுமதித்தார்கள். அடுத்த நாள் காலை 10 மணிக்கு இன்னொரு தொகுதியினர் போவதாக ஏற்பாடு. அந்த அடுத்த நாள் காலை 8.32க்கு மலை வெடித்தது.

அதிர்வில் வடக்குச் சரிவு முழுவதும் சரிந்து விழுந்தது. பதிவில் உள்ளவற்றில் மிகப்பெரிய நிலச்சரிவு அதுதான் என்கிறார்கள். மூடி கழன்றதும் உள்ளே அடைபட்டிருந்த வாயுவும் கல்லும் மேல்நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் சீறின. ஏறத்தாழ 600 சதுர கிலோமீற்றர் காடு தீக்குச்சிகளைச் சாய்த்தது போல ஒரே திசையில் விழுந்தது. 2,950 மீற்றர் உயரமான மலை 2,549 மீற்றராகக் குறைந்தது. 57 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலானோர் தடைவலயத்துக்கு வெளியே நின்றவர்கள். பத்துக் கிலோமீற்றர் அளவு தூரத்தில் நின்று மலையைக் கண்காணித்த டேவிட் ஜோன்ஸ்ரன் என்ற 30 வயது ஆய்வாளர், வெடிப்பு தொடங்கியதை வானொலியில் அறிவித்ததோடு மறைந்தார். ஆவி ஏரி என்று பொருள்படும் ஸ்பிரிற் ஏரிக்கரையில் விடுதி நடத்திய 83 வயதான ஹரி ட்ரூமன், எத்தனை பேர் கேட்டும் வெளியேற மறுத்திருந்தார். அவரும் விடுதியும் ஏரிக்கரையோடு புதைந்து போயினர். அன்று ஞாயிற்றுக்கிழமை. வேலை நாளாக இருந்திருந்தால் காட்டில் மரம் தறிக்கும் தொழிலாளர் இன்னும் எத்தனையோ பேர் இறந்திருப்பார்கள்.

சாம்பல் கிழக்கு நோக்கிப் பறந்தது. யக்கிமாவில் பட்டப்பகல் இருண்டு, தெரு விளக்கு எரிய வேண்டியதாயிற்று. அந்நகரில் சாம்பலை அள்ளி முடிக்கப் பத்து வாரம் சென்றது.

மலையடிவாரத்தைப் பார்த்த விஞ்ஞானிகள் சிலர், இனி இங்கே உயிர் தலையெடுக்க மிக நீண்டகாலம் பிடிக்கும், விதைகள் தூர இடத்திலிருந்து மெல்ல மெல்ல வந்து சேர வேண்டும் என்றே எண்ணினர். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. மே மாதமாகையால் மலையின் சில இடங்களில் பனி இன்னும் உருகியிருக்கவில்லை. அந்தப் பனிக்கடியில் சிறு மரக்கன்றுகள் பிழைத்துக் கிடந்தன. உறைந்திருந்த குளங்களின் அடியில் தவளைகள் உயிரோடு இருந்தன. நிலத்துக்கடியில் கோபர் என்ற பிராணி இருந்தது. நம்மூர் அகழான் போல வளை தோண்டி வேரைத் தின்னும். தோட்டக்காரருக்கு இதைக் கண்டாலே ஆகாது. வெடிப்பு நடந்த நேரத்தில் வளைக்குள் இருந்த கோபர்கள் தப்பிவிட்டன. பிறகு அவை தம் பாட்டில் தோண்டத் தொடங்கின. சாம்பலுக்கு அடியில் புதைந்திருந்த பழைய மண்ணும், அதிலிருந்த விதைகளும், வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சணங்களும் மேலே வந்தன. கோபர் கிளறிய இடங்களில் முதலில் பச்சை தெரிந்தது.

1983இல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். வெறும் எரிமலைக்கல்லாகக் கிடந்த சிறு நிலத்துண்டுகளில் சில கோபர்களை ஒரேயொரு நாள் விட்டுவிட்டு எடுத்தார்கள். அப்போது அங்கே பத்துப் பன்னிரண்டு செடிகள்தான் இருந்தன. ஆறு ஆண்டு கழித்து எண்ணியபோது 40,000 செடிகள்! கோபர் விடாத பக்கத்து நிலம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. அந்த ஒரு நாள் வேலையின் பலன் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களில் இன்னும் தெரிகிறது என்று 2024இல் வெளியான ஆய்வொன்று சொல்கிறது.

மலைக்கு மிக அருகே, கொதிக்கும் கல்லும் வாயுவும் மூடிய சமவெளியில், புதைந்து பிழைத்த எதுவுமே இல்லை. அங்கே ஓரிரு ஆண்டுக்குள் முதலில் வந்தது லூப்பின் என்ற ஊதாநிறப் பூச்செடி. பயறு, அகத்தி, நாம் வேலிக்கு நடும் சீமைக்கிளுவை எல்லாம் சேர்ந்த அதே குடும்பம்தான் இதுவும். இவற்றின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். அவற்றுள் வாழும் பக்ரீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து உரமாக்கித் தருகின்றன. ஆகவே உரமே இல்லாத கல்லிலும் லூப்பின் வேர் விட்டது. அது பட்டு விழுந்த இடத்தில் கொஞ்சம் மண் சேர்ந்தது. காற்றில் வந்த தூசியும் விதையும் அதில் தங்கின. பிறகுதான் மற்றச் செடிகள் வந்தன. பயறு விதைத்த நிலத்தில் அடுத்த போகம் செழிக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதே காரணத்தால்தான்.

1982இல் மலையைச் சுற்றி 110,000 ஏக்கர் நிலத்தைத் தேசிய எரிமலை நினைவுநிலமாக அறிவித்தார்கள். அங்கே பெரும்பாலும் யாரும் நடுவதில்லை, அகற்றுவதில்லை. வருவது தானாக வரட்டும் என்று விட்டிருக்கிறார்கள். எல்லைக்கு வெளியே தனது நிலத்தில் வேயர்ஹவுசர் என்ற மரக் கம்பனி 1 கோடியே 80 இலட்சம் கன்றுகள் நட்டது. இன்று அந்தப் பக்கம் ஒரே உயரத்தில் வரிசை வரிசையாகத் தோப்பு. நினைவுநிலத்தின் பக்கம் புல்லும் பூவும் பற்றையும் இளமரமும் கலந்து ஒழுங்கில்லாமல் கிடக்கிறது. பறவைகளும் பூச்சிகளும் விரும்பி வருவது ஒழுங்கில்லாத பக்கத்துக்கு என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஸ்பிரிற் ஏரியில் அன்று விழுந்த ஆயிரக்கணக்கான மரங்கள் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் மிதந்துகொண்டிருக்கின்றன. காற்று வீசும் பக்கத்துக்கு அவை ஏரி முழுவதும் நகர்ந்து திரியும்.

சென் ஹெலன்ஸுக்கு வடக்கே மாநிலத்தின் மிக உயர்ந்த மலையான றேனியர் இருக்கிறது. 4,392 மீற்றர். நமது பீதுருதாலகாலையைப் போல ஒன்றே முக்கால் மடங்கு உயரம். இதுவும் எரிமலைதான், ஆனால் பனிப்பாறைகளால் போர்த்தப்பட்டது. பழங்குடியினர் இதைத் தகோமா என்று அழைத்தனர். 1792இல் கப்பலில் வந்த ஆங்கில மாலுமி ஜோர்ஜ் வன்கூவர், மலையைத் தூரத்திலிருந்து கண்டுவிட்டுத் தன் நண்பரான கடற்படை அதிகாரி பீற்றர் றேனியரின் பெயரை வைத்துவிட்டுப் போனார். யார் இந்த றேனியர்? மூன்று ஆண்டு கழித்து, 1795இல், ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்த ஆங்கிலக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர்! அவர் அந்த மலையைப் பார்த்ததே இல்லை. அதுமட்டுமல்ல, அமெரிக்கச் சுதந்திரப் போரில் அமெரிக்கருக்கு எதிராக நின்றவர். பழைய பெயரை மீண்டும் வைக்கவேண்டும் என்று பழங்குடி மக்கள் பலகாலமாகக் கேட்டு வருகிறார்கள்.

மலையைத் தாண்டிக் கிழக்கே போனால் வறண்ட நாடு. அங்கே உலர் நீர்வீழ்ச்சி என்றொரு இடம் இருக்கிறது. ஐந்தரைக் கிலோமீற்றர் அகலம், 120 மீற்றர் ஆழமான செங்குத்துப் பாறை. ஆனால் ஒரு சொட்டு நீரும் விழுவதில்லை. பனியுகத்தின் கடைசியில், இன்றைய மொன்ரானா மாநிலத்தில் பனிக்கட்டியே அணைபோலத் தடுத்து வைத்திருந்த பெரிய ஏரி பலமுறை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. அந்த வெள்ளம் குடைந்த இடம் இது. இதை 1923இல் முதலில் சொன்னவர் ஹார்லன் பிரெட்ஸ், முன்பு சியாட்டிலில் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். பெரிய பெரிய புவியியலாளர்கள் 1927இல் கூட்டம் வைத்து அவரை மறுத்தார்கள். நேரில் வந்து நிலத்தைப் பார்த்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே. கடைசியில் அவர் சொன்னதே சரியென்று ஒப்புக்கொண்டு 1979இல் அத்துறையின் உயர்ந்த பதக்கத்தைக் கொடுத்தபோது அவருக்கு வயது 96.

இதே பகுதியில் கொலம்பியா ஆற்றின் குறுக்கே கிராண்ட் கூலி அணைக்கட்டு நிற்கிறது. 168 மீற்றர் உயரம், நீளம் ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவு. 1933இல் தொடங்கி 1942இல் முடித்தார்கள். உற்பத்தித் திறனில் அமெரிக்காவின் மிகப்பெரிய மின்நிலையம் இதுதான். இலட்சக்கணக்கான ஏக்கர் வறள்நிலத்துக்கு இதன் தண்ணீர் பாய்கிறது. அமெரிக்காவின் அப்பிளில் பாதிக்கும் மேல் விளைவது இந்த மாநிலத்தின் வறண்ட பக்கத்துப் பாசன நிலங்களில். இதையெல்லாம் சுற்றுலாப் பலகைகள் பெருமையாகச் சொல்கின்றன.

அணைக்குப் பின்னால் மூழ்கியது என்ன என்பதையும் சொல்லவேண்டும். கெற்றில் நீர்வீழ்ச்சி என்ற இடம் அது. கடலிலிருந்து ஆற்றில் ஏறிவரும் சமன் மீன்களைப் பிடிக்கப் பல பழங்குடியினர் ஒவ்வோர் ஆண்டும் அங்கே கூடுவார்கள். (நாம் ரின்னில் வரும் மீனையெல்லாம் சமன் என்கிறோம். நம் கடை ரின்னில் இருப்பது பெரும்பாலும் வேறு மீன். உண்மையான சமன், ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும் மீன்.) ஆண்கள் பெரிய கூடைகளில் மீனைப் பிடிப்பார்கள். பெண்கள் அதைப் பிளந்து, காய வைத்து, மாரிக்காலத்துக்குச் சேமிப்பார்கள். கரையோரத்தில் கருவாடு போட்டுக் குடும்பம் பார்த்த நம் பெண்களுக்கு அந்த வேலை தெரியும். மீனைப் பங்கிட ஒரு தலைவர் இருப்பார். வந்த எல்லோருக்கும் பங்கு உண்டு.

அணையில் மீன் ஏறுவதற்கு வழி வைக்கவில்லை. தண்ணீர் உயர்வதற்கு முன், 1940 யூன் மாதம், ஆயிரக்கணக்கானோர் அங்கே கடைசியாகக் கூடி மூன்று நாள் அழுதார்கள். அதைக் கண்ணீர்ச் சடங்கு என்றே குறிப்பிடுகிறார்கள். கல்லறைகளைத் தோண்டி எடுத்து மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை. இஞ்சிலியம் என்ற ஊர் முழுதாக மேட்டுக்கு மாறியது. கொல்வில் பழங்குடியினருக்கு 1994இல்தான் நட்டஈடு தீர்ந்தது. மொத்தமாக 5 கோடி 30 இலட்சம் டொலரும், அதன்பின் ஆண்டுதோறும் ஒரு தொகையும். மீன் வராத ஆண்டுகளிலும் மீனை வரவேற்கும் சடங்கை அவர்கள் கைவிடவில்லை. 2019 ஓகஸ்ட் மாதம், கீழே பிடித்த சமன் மீன்களை அவர்களே வண்டியில் ஏற்றி வந்து அணைக்கு மேலே ஆற்றில் விட்டார்கள். எண்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தண்ணீரில் மீண்டும் சமன் நீந்தியது.

அதே ஆற்றில் இன்னும் கீழே ஹன்போர்ட் என்ற இடம். 1943இல் அரசாங்கம் அங்கிருந்த சுமார் 1,500 பேரை இராணுவத் தேவைக்கென்று சில வார அவகாசத்தில் வெளியேற்றியது. பழத்தோட்டங்கள் காய்த்தபடியே நின்றன. ஏன் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. நாகசாகியில் விழுந்த குண்டுக்கான புளுற்றோனியம் அங்கே தயாரிக்கப்பட்டது என்பது பின்னர் தெரிந்தது. அந்த மக்களுக்கு நிலம் திரும்பக் கிடைக்கவில்லை. இன்று 177 நிலக்கீழ்த் தாங்கிகளில் கோடிக்கணக்கான லீற்றர் கதிரியக்கக் கழிவு கிடக்கிறது. அதைத் துப்புரவாக்கும் வேலை இன்னும் முடியவில்லை. பழைய பாடசாலைக் கட்டடத்தின் சுவர் மட்டும் நிற்கிறது. ஆட்கள் நுழைய முடியாததால் அங்கே ஆறு தடையின்றி ஓடுகிறது, சமன் முட்டையிடுகிறது, மான் மேய்கிறது. சந்தோசப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மீண்டும் மேற்கே வருவோம். சியாட்டிலிலிருந்து படகில் அரைமணி நேரத்துக்குச் சற்று மேலே போனால் பெயின்பிரிஜ் தீவு. அங்கே யப்பானிய வம்சாவளியினர் ஸ்ரோபெரிப் பழம் பயிரிட்டு வாழ்ந்தார்கள். 1941 டிசம்பரில் யப்பான் அமெரிக்காவைத் தாக்கியபின், இவர்களையும் எதிரியாகப் பார்த்தது அரசாங்கம். ஆறு நாள் அவகாசம் கொடுத்து, கையில் தூக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லி, 1942 மார்ச் 30ஆம் திகதி 227 பேரை ஆயுதந்தாங்கிய படையினர் இறங்குதுறைக்கு நடத்திச் சென்றார்கள். நாடெங்கும் ஏறத்தாழ 120,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். முதலில் கொண்டுபோனது இந்தத் தீவு மக்களைத்தான்.

அன்று எடுத்த படமொன்று உலகறிந்தது. தோளில் தூங்கும் கைக்குழந்தையை அணைத்தபடி ஒரு இளம் தாய் நிற்கிறாள். இருவரின் உடுப்பிலும் இலக்கத்துண்டு தொங்குகிறது. யாரென்றே தெரியாமல் படம் பல ஆண்டுகள் கண்காட்சிகளில் தொங்கியது. பூமிக்கோ ஹயாசிடா என்பது அவர் பெயர். அப்போது வயது 31, வயிற்றில் இன்னொரு குழந்தை. போர் முடிந்து வந்தபோது தோட்டம் பாழாகியிருந்தது. சியாட்டிலுக்குப் போய்க் கணவர் விமானத் தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டார். 2006இல், 95 வயதில், அந்த இறங்குதுறையில் நினைவிடம் வேண்டும் என்று நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். 2014இல் 103 வயதில் காலமானார். நினைவிடத்தின் மரச்சுவர் 276 அடி நீளம். தீவில் வாழ்ந்த யப்பானிய வம்சாவளியினர் ஒவ்வொருவருக்கும் ஓரடி. அவர்கள் அனைவரின் பெயரும் அதில் இருக்கிறது. அமெரிக்க அரசு 1988இல் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் கொடுத்தது. 46 ஆண்டுகள் கழிந்திருந்தன.

கடைசியாக எல்வா ஆறு. ஒலிம்பிக் மலைகளில் பிறந்து வடக்கே கடலில் விழும் சிறிய ஆறு. நூறு இறாத்தல் நிறையுள்ள சமன் மீன்கூட ஒரு காலத்தில் இதில் ஏறியதாம். கரையில் வாழ்பவர்கள் கிளாலம் மக்கள். 1913இலும் 1927இலும் மின்சாரத்துக்காக இரண்டு அணைகள் கட்டினார்கள். மீனுக்கு வழி விடவேண்டும் என்று அப்போதே மாநிலத்தில் சட்டம் இருந்தது. விடவில்லை. நூறு கிலோமீற்றருக்கும் மேலாக மீன் ஏறிய ஆற்றில் கடைசி எட்டுக் கிலோமீற்றர் மட்டுமே மிஞ்சியது. கிளாலம் மக்களை அவர்களுடைய தெய்வம் படைத்ததாக நம்பும் புனிதப் பாறையும் தண்ணீருக்குள் போயிற்று. கூடைபோலக் குழிந்த பாறை அது என்று மூத்தவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். சொன்னவர்களும் பார்த்ததில்லை, கேட்டவர்களும் பார்த்ததில்லை.

பல ஆண்டு வாதாடியபின் 1992இல் அணையை அகற்ற வழிசெய்யும் சட்டம் வந்தது. வேலை தொடங்க இன்னும் 19 ஆண்டு. 2011 செப்ரெம்பரில் இடிக்கத் தொடங்கினார்கள். முதல் அணை 2012 மார்ச்சிலும், 64 மீற்றர் உயரமான இரண்டாவது 2014 ஓகஸ்டிலும் அகன்றன. நீர் வற்றியபின் 2012இல் கிளாலம் மக்கள் போய்த் தேடினார்கள். சொன்னபடியே பாறை இருந்தது, கூடைபோன்ற குழிகளோடு. வேலியும் கூரையும் இல்லாமல் பற்றை மூடிக் கிடந்த காணியில், கிணற்றை வைத்தும் ஒரு மாமரத்தை வைத்தும் தங்கள் வளவை அடையாளங்கண்ட வன்னிப் பெண்களுக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அணைகளுக்குப் பின்னால் சுமார் இரண்டு கோடி கனமீற்றர் வண்டலும் மணலும் சேர்ந்திருந்தன. அவற்றில் பெரும்பகுதியை ஆறு அடித்துக்கொண்டு போய்க் கடலோரத்தில் புதிய மணற்கரை ஆக்கியது. ஏரி கிடந்த வெறும் நிலத்தில் இலட்சக்கணக்கான கன்றுகளை நட்டும் விதைகளைத் தூவியும் காடு வளர்த்தார்கள். பரும்மணல் மேடுகளில் எது நட்டாலும் பிடிக்கவில்லை. அங்கே தூவிப் பயன் கண்ட விதை லூப்பின், சென் ஹெலன்ஸில் முதலில் முளைத்த செடியின் இன்னொரு வகை.

மீன் எல்லாம் ஒரே வேகத்தில் வரவில்லை. பெரிய சமனுக்குக் குஞ்சு பொரிக்கும் நிலையத்தின் உதவி இன்னும் தேவைப்படுகிறது. எவரும் எதிர்பாராமல் வந்தது ஸ்ரீல்ஹெட் என்ற மீன். கடலுக்குப் போய்வரும் இந்த மீனின் ஒரு பகுதி, அணை கட்டியபோது மேலே அகப்பட்டு, நூறு ஆண்டு வெளியே போக வழியின்றி ஆற்று மீனாகவே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. அணை போனதும் அவற்றின் குஞ்சுகள் கடலுக்கு இறங்கின. போய், வளர்ந்து, திரும்பி வந்தன. மீன் பெருகட்டும் என்று கிளாலம் மக்கள் 2011 முதல் ஆற்றில் வலையோ தூண்டிலோ போடாமல் காத்திருந்தார்கள். 2023 ஒக்ரோபரில் தான் முதன்முறையாக, கோஹோ சமன் மட்டும், அளவு வைத்துப் பிடித்தார்கள். அணையில்லாத எல்வாவில் மீன் பிடிப்பது அங்கே உயிரோடிருந்த எவருக்கும் அதுவே முதல் தடவை.